ஆயுத பூஜைக்கு வந்த கிரேன்

அம்பத்தூரில் வாடகைக் கொட்டகையில் இருந்த எங்கள் லேத் பட்டறை சென்னீர்குப்பத்தில் சொந்த இடத்துக்கு மாறிய வாரத்தை இன்றும் என்னால் நாள்வாரியாகச் சொல்ல முடியும். எந்த வேலை எந்த நாளில், யார் கையால், எவ்வளவு செலவில் முடியும் என்று கட்டம் போட்டு வண்ணம் அடிப்பதுதான் அங்கே என் பிழைப்பு. வீட்டிலும் அப்படித்தான். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த வருடம் ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. மறுநாள் விஜயதசமி, அப்புறம் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலை ஒரு பெரிய கம்பெனியின் தர ஆய்வாளர் புது இடத்துக்கு வருவதாக ஏற்பாடு. மெஷின்கள் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஆர்டர். ஆர்டர் வராவிட்டால் இரண்டாம் ஷிப்டை நிறுத்த வேண்டியிருக்கும் என்று முதலாளியம்மா எல்லோரையும் நிற்கவைத்து மறைக்காமல் சொல்லியிருந்தார். ஃபோர்மேனின் மச்சானும் அந்த ஷிப்டில்தான் இருந்தார்.

என் திட்டம் இது: வியாழன் மெஷின்களைத் தூக்கி லாரியில் ஏற்றி, புது இடத்தில் இறக்குவது. வெள்ளி மட்டம் பார்த்து போல்ட் முறுக்குவது. சனி கரண்ட் இணைப்பு. ஞாயிறு ஓட்டிப் பார்ப்பது. உபரியாக ஒரு நாள்கூட இல்லை. எல்லாமே கிரேனில் தொங்கிக்கொண்டிருந்ததால் கிரேன்காரருக்கு நானே போன் செய்தேன்.

"வியாழக்கிழமை காலையில வண்டியோட வந்துடுங்க."

"ஆயுத பூஜ அன்னிக்கா சார்?"

"ஆமா, அன்னிக்குத்தான்."

"நீங்க கூப்ட்டு வராம இருப்பனா? டான்னு வந்துடறேன்."

'கிரேன்: உறுதி' என்று எழுதிக் கட்டத்துக்குப் பச்சை அடித்தேன்.

வியாழன் காலை டான் என்று வந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கொக்கியில் சாமந்தி மாலை, முகப்புக் கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி. புது வேட்டியும் கையில் பூசணிக்காயுமாகக் கிரேன்காரர் இறங்கினார். பின்னாலேயே ஸ்கூட்டரில் அவர் மனைவி, பட்டுப்புடவையில்.

"இன்னா சார், பூஜ ஆரம்பிச்சிட்டீங்களா? லேட்டாயிட்சா?"

"பூஜைக்கு இல்லைங்க. மெஷின் தூக்கணும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"வெளாடாதீங்க சார். வண்டிக்குப் பொட்டு வெச்சாச்சு. இன்னிக்குக் கொக்கியத் தொட்டா என்னிய ஊட்ல சேப்பாங்களா? அதோ நிக்குது, நீங்களே கேளுங்க."

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை. ஃபோர்மேனிடம் திரும்பினேன்.

"ஸ்பேனரெல்லாம் சாமி படத்துக்கு முன்னாடி இருக்கு சார். நேத்தே அடுக்கிட்டோம்."

"சார்ட்டுல வியாழன்னு போட்டிருக்கேனே!"

"பார்த்தோம் சார். தப்பா அடிச்சிட்டீங்கன்னு நாங்களே வெள்ளின்னு எடுத்துகினோம்."

பழங்கால எகிப்தில் அரசர்களின் கல்லறை கட்டியவர்களின் வருகைப் பதிவைப் பற்றிப் படித்திருக்கிறேன். பண்டிகைக்காக வரவில்லை, தேள் கொட்டியதால் வரவில்லை என்றெல்லாம் ஆள்வாரியாக எழுதிவைத்திருக்கிறார்கள். இவ்வளவு படித்தவன், ஆயுத பூஜை அன்று ஆயுதம் கிடைக்காது என்பதைக் கட்டத்தில் சேர்க்கவில்லை.

பொரித் தட்டோடு வந்த முதலாளியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்போ திங்கக்கிழமைக்கு ஓடாதா?"

திங்கட்கிழமை என்ன விஷயம் என்று கிரேன்காரர் விசாரித்தார். ஃபோர்மேன் சொன்னதும் பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்து யாரிடமோ பேசினார். பிறகு முதலாளியம்மாவிடம் திரும்பினார்.

"நாளைக்கு விஜயதசமிம்மா. மொத வேல. வாடக எடத்துலேர்ந்து சொந்த எடத்துக்குப் போற மெஷினு. இத்த வுட நல்ல போணி எங்க கெடைக்கும்? நீங்க சாமியக் கும்புடுங்க."

பூஜை நடந்தது. கற்பூரம் காட்டும் நேரத்தில் ஃபோர்மேன் ஆபீஸ் சுவரிலிருந்து என் சார்ட்டைக் கழற்றிவந்து ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் சாய்த்தார். "உங்க ஆயுதம் இதானே சார்?" என்றார். எல்லோரும் சிரிக்க, அன்று என்னாலும் அதில் கை வைக்க முடியாமல் போனது.

வெள்ளிக்கிழமை பொழுது விடியும்போது வாசலில் மூன்று கிரேன்கள் நின்றன. விஜயதசமி முதல் வேலை இப்படி அமைந்திருக்கிறது என்று கிரேன்காரர் தன் ஸ்டாண்டில் சொன்னதில் இன்னும் இரண்டு பேர் கிளம்பி வந்துவிட்டார்கள்.

"நான்தான் மாமே மொதல்ல வந்தேன்."

"நீ வந்துட்ட, உன் வண்டி இப்பத்தான வந்துச்சு. நவுரு."

"ஏம்பா, கூப்ட்டது என்னிய. நீங்க போணிக்கு வந்துகினு எங்கிட்டயே சண்டையா?"

ஆளுக்கு ஒரு மெஷின், சேர்ந்தே தூக்குங்கள் என்று முதலாளியம்மா தீர்த்துவைத்தார். இங்கே ஒன்று தூக்க, அங்கே ஒன்று இறக்க, லாரிகள் காத்து நிற்கவே இல்லை. இறங்கிய மெஷினுக்கு ஃபோர்மேன் உடனுக்குடன் மட்டம் பார்த்து போல்ட் முறுக்கினார். இரண்டு நாள் வேலை பொழுது சாய்வதற்குள் முடிந்து, இழந்த வியாழக்கிழமை திரும்பக் கிடைத்துவிட்டது.

செலவுக் கணக்கில்தான் திணறினேன். நான் கூப்பிட்டவர் ஒரு நாள் வாடகை வாங்கிக்கொண்டார். மற்ற இருவரும் வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்த போணிக் காசுக்கு மேல் தொடவில்லை. திட்டத்தில் ஒரு கிரேன், நடந்ததில் மூன்று, செலவில் மறுபடி ஒன்று. 'பொரி, கடலை' என்று புதிதாக ஒரு வரிசை சேர்க்க வேண்டியிருந்தது.

சனி, ஞாயிறு திட்டப்படி போயின. திங்கட்கிழமை வந்த ஆய்வாளர் மெஷின்கள் ஓடுவதைச் சுற்றிப் பார்த்தார், செய்த பாகங்களை அளந்தார். பிறகு புதுச் சுவரில் மாட்டியிருந்த சார்ட்டின் முன் நின்று, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"எல்லாம் பச்சையா இருக்கு. வியாழக்கிழமை மட்டும் ஏன் சிவப்பு? தாமதமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபோர்மேன் முந்திக்கொண்டார்.

"அது குங்குமம் சார்."

ஆய்வாளர் விரலால் தொட்டுப் பார்த்தார். ஒட்டியதைத் துடைக்காமல் நெற்றியில் வைத்துக்கொண்டு, பேனாவை எடுத்தார். அன்று மதியம் இரண்டாம் ஷிப்டுக்கு மணி அடித்தபோது, எல்லோருக்கும் முன்னால் உள்ளே வந்தவர் ஃபோர்மேனின் மச்சான்.