மூன்று அணு கனத்தின் மேல் ஒரு சந்தனப் பொட்டு

போன வாரம் ஆயுத பூஜை அன்று அப்பா எங்கள் லேப்புக்கு வந்தார். அந்த அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. வேறு எதைப் பற்றியும் எழுத ஓடவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன ஆராய்ச்சி என்றுதான் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். மாலிப்டினம் டைசல்ஃபைடு என்று ஒரு கருப்புப் பாறைத் துணுக்கு. அதை செல்லோடேப்பில் ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டி, பிரித்து... மெலிந்து மெலிந்து கடைசியில் மூன்று அணு கனத்தில் ஒரு படலம் மிஞ்சும். அதை நகத்தளவு சிலிக்கான் சில்லில் இறக்கி, இரு பக்கமும் தங்கத்தில் கால் வைத்தால் – டிரான்சிஸ்டர். ஃபோனுக்குள் இருக்கும் சிப் இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் இந்த மாதிரிப் படலங்கள்தான் வழி என்கிறார்கள்.

சுலபத்தில் தேறாது. இந்த வருடம் எனக்குத் தேறியது ஒன்றே ஒன்று. அதை அளக்க மதுரையில் ஒரு மெஷினில் இடம் கிடைத்திருந்தது, பூஜை லீவு முடிந்த மறுநாள். அளந்தால்தான் கட்டுரை, கட்டுரை வந்தால்தான் பட்டம்.

அப்பா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கிறார். பக்கத்தில் எங்கள் ஊர் செட்டியார்பட்டியிலிருந்து பஸ் ஏறி, சலவை வேட்டியில் வந்து நின்றவரைப் பார்த்ததும் என் கைடுக்கு மரியாதை பொங்கிவிட்டது.

"அண்ணாச்சி, பெரியவக நீங்க இருக்கையில நாங்க எதுக்கு? நீங்களே பொட்டு வச்சிருங்க" என்று சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். நான் வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போனேன்.

திரும்பி வந்தால்... மைக்ராஸ்கோப், பம்ப், ஃபேன் சுவிட்ச், துடைப்பம் என எல்லாவற்றுக்கும் பொட்டு. மேஜையில், அந்த ஒற்றைச் சில்லை வைத்திருந்த என் சின்ன டப்பா திறந்து கிடக்கிறது. உள்ளே, சில்லின் நட்ட நடுவில் மோதிர விரலால் வைத்த சந்தனம். அதன் மேல் குங்குமம்.

மூடியில் சிவப்பு மையால் 'தொடாதே' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கிற ஒரே ஆள் நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

"இத மட்டும் பூசைக்கு எடுத்து வைக்காம விட்டுட்டாகலே. செவப்புல வேற எழுதிருக்கு, முக்கியமானதா இருக்கும்னு நாந்தான் தொறந்து வச்சேன்" என்றார் அப்பா, பெருமையாக.

கைடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னலே, மூஞ்சி செத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லங்கிற மூஞ்சியா இது? சார், நீங்களாவது சொல்லுங்க."

பொட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நானே சொன்னேன். உடனே அசிட்டோன் திரவத்தில் கழுவினால் ஒருவேளை பிழைக்கலாம். சந்தனம் காய்ந்தால் அவ்வளவுதான்.

சொன்னேனே தவிர, கை நகரவில்லை. ஏன் தெரியுமா? பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது. அப்பாவுக்கு அது சட்டம். அவசர ஆர்டர் என்று முதலாளியே வீடு தேடி வந்தும் 'நாளைக்கு வாரேன் மொதலாளி' என்று படுத்துவிட்ட மனுஷன். அவர் வைத்த பொட்டை அவர் கண்முன்னாலேயே, சூடம் அணைவதற்குள் நான் அழிப்பதா?

"பொறவு ஏன்லே மரம் மாதிரி நிக்க? கழுவு."

"பூசையில வச்சதுப்பா..."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? கழுவுலே மொதல்ல. காயப் போவுது."

பொட்டைப் பார்த்தபோது வந்தது ஒரு அதிர்ச்சி. இது அதைவிடப் பெரிது. கண்ணுக்குத் தெரிகிற தறிக்காக, சோறு போடுகிற முதலாளிக்காக வளைக்காத வழக்கத்தை, கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காக ஒரு நொடியில் விட்டார். என் பேச்சை மட்டும் நம்பி.

கழுவினேன். மைக்ராஸ்கோப்பில் தங்கக் கால்கள் இரண்டும் தெரிந்தன. நடுவில் வெறுமை.

அப்பாவும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எங்கலே இருக்கு?"

"இருந்துச்சுப்பா."

குனிந்தபடியே மெதுவாகக் கேட்டார்: "ஒரு பொட்டத் தாங்காதத வச்சா போனு செய்யப் போறிய?"

அதுவரை சுவரைப் பார்த்து நின்ற கைடு சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, இதத்தான் இவனுக்குப் பட்டத் தேர்வு நடத்த வாரவகளும் கேப்பாக." மேலே காப்புக்கு இன்னொரு படலம் போர்த்த வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அளந்துவிட்டுப் போர்த்தலாம் என்று விட்டிருந்தேன்.

மதுரைக்குப் போன் போட்டு என் இடத்தை விட்டுக்கொடுத்தேன். அடுத்து எப்போது கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியாதாம்.

அப்பாவை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தலையை வெளியே நீட்டினார்.

"நாளைக்கு விசயதசமிதானலே? மொதல்லருந்து ஆரம்பி."

"சரிப்பா."

"அந்த டப்பாவுக்கு ஒரு பூட்டு வாங்கிரு. அடுத்த வருசமும் நான் வருவேன்."