சீல் வைத்த டீசல் பம்ப்

டீசல் பம்ப் மெக்கானிக்கிடம் வண்டிக்காரர் கேட்பது இழுவை, அரசாங்கம் கேட்பது புகையில்லாத வண்டி. இரண்டுக்கும் நடுவில் ஸ்பேனரோடு நின்றவன் நான். 2004லிருந்து எட்டு வருடம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருந்தேன். பழைய டர்போ கார் வைத்துப் பாடுபட்டவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

அக்கா வீட்டுக்காரர்

என் அக்கா வீட்டுக்காரர் பண்ருட்டியில் முந்திரி வியாபாரி. டர்போ ஜீப் ஒன்று வைத்திருந்தார். மூட்டை ஏற்றினால் மேட்டில் திணறுகிறது என்று கொண்டுவந்தார். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சுற்றிக் காற்று சேர்வதற்குள் டீசல் அதிகமாகப் போனால் கரும்புகை வரும். புகை விதிக்காக அந்த அளவைக் குறைத்து, அதைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் ஸ்க்ரூவுக்குக் கம்பெனியிலேயே சீல் வைத்திருந்தார்கள். "அதைத் தொறந்து விடு மச்சான்" என்றார். "இன்ஜின் சூடாயிடும், வேணாம் மாமா" என்றேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

அங்கே தாராளமாகவே திறந்துவிட்டார்கள். அறுவடை சீசன் முடிவதற்குள் பிஸ்டன் உருகி, ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு என் கடைக்கே வந்தார். அவராகத்தான் சொன்னார்: "நீ செஞ்சிருந்தா கொஞ்சமாத்தான் தொறந்திருப்ப. முடியாதுன்னு சொன்னதாலதான அவன்கிட்ட போனேன்."

சிதம்பரம் டாக்ஸி

புகை டெஸ்ட்டுக்கு முதல் நாள் டீசலைக் குறைப்பதும், சர்டிபிகேட் வாங்கியதும் பழையபடி கூட்டுவதும் அப்போது எல்லோரும் செய்ததுதான். சிதம்பரத்தில் டாக்ஸி ஓட்டிய அன்பழகனுக்கும் குறைத்துக் கொடுத்தேன். டெஸ்ட்டில் பாஸாகிவிட்டது. டீசலைத் திரும்பக் கூட்ட மட்டும் அவர் வரவில்லை.

இழுவை குறைந்து, ஏ.சி. போட்டால் வண்டி நகரமாட்டேன் என்றது. பிள்ளையோடு கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் வேறு டாக்ஸி பிடித்தார்கள். கடைசியில் வண்டியை விற்றுவிட்டு ஒரு ஸ்கூல் வேனுக்கு டிரைவராகப் போனார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னது: "என் பொண்ணுக்கு மூச்சிரைப்புண்ணே. வீட்டு வாசல்லயே வண்டிய ஸ்டார்ட் பண்ணி அந்தப் புகைய அவ மேலயே விட மனசு வரல."

படகு டீசல்

விதி இன்னும் இறுகியதும் ஸ்க்ரூ போய் கம்ப்யூட்டர் வந்தது. புகை வராமல் டீசலைப் பனி மாதிரி தெளிக்க வேண்டும் என்பதற்காக, இன்ஜெக்டரில் மயிரிழை ஓட்டைகள் வைத்தார்கள். துளி தண்ணீர் சேர்ந்தாலும் அது கெட்டுவிடும். கெட்டால் கம்ப்யூட்டர் வேகத்தைக் குறைத்துவிடும், எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்துதான் போகும். கடலோரக் குப்பத்துச் சேகர் அப்படி ஒரு காரை செகண்ட் ஹாண்டில் வாங்கினான். படகில் மிஞ்சிய டீசலையே அதற்கும் ஊற்றினான்.

அவன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று கார் பாதி வழியில் ஊர ஆரம்பித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. காரியம் முடிந்து காரைக் கொண்டுவந்தான். ஃபில்டரைக் கழற்றினேன். அடியில் தண்ணீர் நின்றது. அவன் பார்ப்பதற்குள் கொட்டிவிட்டேன், படகு டீசலைப் பற்றி வாய் திறக்கவில்லை. சேகர் பானெட்டைப் பார்த்தபடி கேட்டான்: "பழைய வண்டியா இருந்திருந்தா பொகைய தள்ளிக்கினாவது போய்ச் சேர்ந்திருக்கும், இல்லண்ணே?"

வண்டிகள் விட்ட புகையை அளக்க மெஷின் வந்துவிட்டது, வண்டிக்காரர்கள் விட்ட பெருமூச்சை அளக்கத்தான் இன்னும் எதுவும் வரவில்லை.