ஹோல்மியம் குப்பி

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'சொட்டு மேடம்' என்று பெயர். லாந்தனைடு தனிமங்கள் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது லேசில்லை. நீளக் கண்ணாடிக் குழாயில் பிசின் மணிகளை நிரப்பி, மேலே கரைசலை ஊற்றி, கீழே சொட்டுச் சொட்டாக வருவதைத் தனித்தனிக் குடுவைகளில் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் கலந்துவிடும். பொறுமைக்கு இன்னொரு பேர் அவர்தான் என்பார்கள்.

அந்த வருடம் மாதக்கணக்கில் பாடுபட்டு அந்தத் தனிமங்களில் ஒன்றான ஹோல்மியத்தின் ஆக்சைடை ஒரு சின்னக் குப்பி நிறையச் சேர்த்திருந்தார். வெளிர் மஞ்சள் பொடி. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக லீவில் போய்த் திரும்பியபோது, அலமாரியில் இருந்த குப்பிக்குள் ரோஸ் நிறத்தில் ஏதோ இருந்தது. பக்கத்தில் இன்னொரு லாந்தனைடான எர்பியத்தின் குப்பி, அதுவும் ரோஸ்தான். அதில் கொஞ்சம் குறைந்திருப்பதாகக்கூட அவருக்குத் தோன்றியது.

கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் சின்னக்காவைக் கூப்பிட்டார். அவளுடைய மாமியார் அங்கே கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெரியக்கா என்பதால் மருமகள் சின்னக்கா ஆனாள்.

"கொட்டிட்டேன்னு சொல்லியிருந்தா உன் தலையையா வாங்கியிருப்பேன்? வேற பொடிய எதுக்கு ரொப்பி வச்சே?"

"அந்தக் குப்பிய நான் தொடவே இல்ல மேடம்."

மாணவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேடம் நேரே இயக்குநரிடம் போய்ச் சொன்னார். அன்றே சின்னக்காவை வாசல் பெருக்க அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் இயக்குநர் குப்பியைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் வெளியே படிக்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேடம் குப்பியோடு வெயிலுக்கு வந்தார். குப்பியில் இருந்த பொடி வெளிர் மஞ்சளாக இருந்தது.

அவருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. லீவில் இருந்தபோது ஆய்வுக்கூடத்தின் பழைய பல்புகளை மாற்றிப் புது டியூப் லைட் போட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் ஹோல்மியம் ரோஸாகத்தான் தெரியும். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு வருடாவருடம் அதைச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான்.

விஷயத்தைச் சொன்னதும், பொடி பத்திரமாக இருக்கிறதே, அது போதும் என்று சிரித்தார் இயக்குநர். மேடத்துக்குக் காது மடல் எரிந்தது. அந்தப் பெண்ணைத் திரும்ப உள்ளே அனுப்பிவிடுங்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். சின்னக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னார். "உன் பொடி வெக்கப்பட்டு செவந்திருக்கும்" என்றவர், மனைவியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடம் சொன்னாயா என்று கேட்டார். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தார் மேடம். அந்த நாளை தள்ளிக்கொண்டே போனது.

சின்னக்கா திரும்பி வந்தாள். ஆனால் ஒவ்வொரு குடுவையையும் தொடுவதற்கு முன்னால், "இத எடுக்கட்டுமா மேடம்?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை, பயந்து கேட்டாள். அது மேடத்தால் தாங்க முடியாமல் போனது. கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, மாணவர்கள் காதில் விழும்படியே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

சின்னக்கா குழாயை மூடினாள். "உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"போன வாரமே."

"வாரம் பூரா எங்க அத்தை எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல மேடம். இந்த வேலைய வாங்கிக் கொடுத்தது அவங்கதான்."

அன்று மாலையே மேடம் அவள் வீட்டுக்குப் போனார். பெரியக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மேடம் உட்காராமலே நடந்ததைச் சொன்னார்.

"உங்க பொடி நிறம் மாறும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. என் மருமக பொய் சொல்ல மாட்டான்னு எனக்கும் தெரியுமே மேடம். இருந்தும் நான் உங்க பேச்சத்தானே நம்பினேன்" என்று பெரியக்கா தரையைப் பார்த்தபடி சொன்னார். மேடமும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சின்னக்கா வெளியே வரவே இல்லை.

மறு மாதம் அவள் மாடியில் உள்ள வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு மாற்றல் கேட்டாள். அந்தத் தாளில் மேடமும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஏன் போகிறாய் என்று கேட்காமலே போட்டுக் கொடுத்தார்.