வாய் அரிக்கிறது என்றாள் அக்கா

அந்த வெள்ளிக் கிண்ணத்தின் விளிம்பில் ஓரிடத்தில் நெளிசல் உண்டு. அக்காவின் மாமியார் வீட்டுக் கிண்ணம் அது. முப்பது வருடங்களுக்கு முன் தெலுக் இந்தானில் ஒரு மண்டபத்தில், தாலி கட்டி முடித்த கையோடு, அந்த அம்மாள் அதில் பாலை ஊற்றி, ரஸ்தாளிப் பழத்தை வட்ட வட்டமாக நறுக்கிப் போட்டு அக்காவின் முன்னால் நீட்டினார். மாப்பிள்ளைக்கு ஒரு கரண்டி, பெண்ணுக்கு ஒரு கரண்டி. நம் கல்யாணங்களில் எல்லோரும் பார்த்துப் பழகிய சடங்குதான். அக்கா கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினாள். எனக்கு அப்போது பதினைந்து வயது. அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். இது எனக்கு ஆகாதென்று நீயாவது சொல்லேன் என்று கேட்டது. நான் குனிந்து என் கண்ணாடி வளையல்களைத் திருகிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. யார்மேல் கோபம் என்று கேட்டால் வரிசை நீளம். வரிசையில் முதலில் நிற்பவள் நான்.

தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நாங்கள் வளர்ந்தோம். அப்பா வாலிபராக இருந்தபோது அது ரப்பர் தோட்டம். நான் பிறப்பதற்கு முன்பே பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்டுவிட்டார்கள். அதில் ஒரு பகுதியை விதை எடுப்பதற்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அங்கே பெண் பூவைப் பையால் மூடிக் கட்டி, வேறு மரத்திலிருந்து எடுத்த மகரந்தப் பூந்தூளை டால்கம் மாவோடு கலந்து, ஒரு சின்னக் குழாயால் பைக்குள் ஊத வேண்டும். இடைநிலைப்பள்ளி முடித்ததும் அக்காவுக்குக் கிடைத்த வேலை இது. மத்தியானம் வீடு திரும்பும்போது அவள் புருவத்திலும் காதோரத்திலும் மங்கிய மஞ்சளாகத் தூள் படிந்திருக்கும். தும்மல் ஓயாது. கண்கள் சிவந்து நீர் வழியும். மூக்கை மறைத்துத் துணி கட்டிக்கொள் என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். அதோடு அவர் கடமை முடிந்தது.

வேலைக்குப் போன இரண்டாவது வருடத்தில்தான் அது தொடங்கியது. நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பழுத்த தாரிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துத் தின்றவள், பாதியில் நிறுத்திவிட்டு நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துக் கர் கர் என்று ஒரு சத்தம் எழுப்பினாள். வாய் அரிக்கிறதாம். காதுக்குள்ளே, விரல் எட்டாத ஆழத்தில் அரிக்கிறதாம். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அடுத்து தர்பூசணி, பிறகு சமைக்காத தக்காளி, அன்னாசி என்று ஒவ்வொன்றாக அவளிடமிருந்து பிடுங்கப்பட்டன. ஆனால் அதே வாழைப்பழத்தை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்துப் பீசாங் கோரேங்காகக் கொடுத்தால் நாலைந்து தின்பாள், ஒன்றும் ஆகாது. தக்காளியைக் குழம்பில் போட்டால் தட்டை வழித்துச் சாப்பிடுவாள்.

இந்தப் பீசாங் கோரேங்தான் அவளுக்கு எதிரான சாட்சி ஆயிற்று. பழம் ஆகாதவளுக்குப் பொரித்த பழம் மட்டும் எப்படி இறங்குகிறது? அம்மா கேட்டார், பெரியப்பா கேட்டார், குழாயடியில் நின்றவர்கள் கேட்டார்கள். வேலைக்கு மட்டம் போடத்தான் இந்த வேஷம் என்றார் ஒருவர். வாய்க்கொழுப்பு என்றார் இன்னொருவர். தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸ்ஸர் அவளை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பூச்சி மருந்து கொடுத்தார். வாய்க்குள் அரிப்பவளுக்குக் குடல் பூச்சிக்கு மருந்து. அதைக் குடித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அவள் கொல்லைக்கு ஓடியதை வைத்து வீட்டில் சிரித்தோம். அந்தத் தூளையும் தும்மலையும் இந்த அரிப்பையும் சேர்த்து யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. படிக்காத ஜனங்கள், என்ன தெரியும் என்று இன்றைக்கு யாராவது சமாதானம் சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. காரணம் தெரியாததை நான் குற்றம் சொல்லவில்லை. ஒருத்தி தன் வாயைப் பற்றித் தானே சொல்வதை நம்புவதற்கு என்ன படிப்பு வேண்டும்?

நான் செய்தது அதைவிட மோசம். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். போகிற இடத்தில் இவள் இப்படி நடித்தால் நம் மானம் போகும் என்று அம்மா புலம்பினார். நான் சோதித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். அடுப்படியில் அன்னாசித் துண்டை ஒரு துணியில் வைத்துப் பிழிந்து, சிவப்புச் சிராப்புச் சர்பத்தில் கலந்து, ஐஸ் போட்டு, வேலை முடிந்து வந்தவளிடம் நீட்டினேன். தாகத்தில் ஒரே மூச்சில் குடித்தாள். சில நிமிடங்களில் உதடு தடித்தது. கண்ணில் நீர் முட்ட, தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு வாய் கொப்பளித்தாள். அவள் உண்மைதான் சொல்கிறாள் என்பது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தார். தோற்றுப்போக மனமில்லாமல், நான் பிழிந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள், அதனால்தான் உதட்டைத் தேய்த்துத் தேய்த்து வீங்க வைத்துக்கொண்டாள் என்றேன். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. ஈர முகத்தோடு திரும்பி, "நீயாச்சும் நம்புவேன்னு நெனச்சேன்லா" என்று மட்டும் சொன்னாள். மூன்றே மாதத்தில் கல்யாணம்.

மண்டபத்தில் அவள் அந்தக் கரண்டிப் பழத்தை வாயில் வாங்கிக்கொண்டாள். விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி, நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோலக் கைக்குட்டையை எடுத்து அதில் துப்பி மடித்தாள். மாமியார் பார்த்துவிட்டார். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. கமுந்திங்கில் தன் வீட்டுக்குள் அக்கா கால் வைத்த பிறகு சொல்லத் தொடங்கியவர், வருடக்கணக்கில் நிறுத்தவே இல்லை. கல்யாணத்தன்றே பழத்தைத் துப்பியவள் என்பது அக்காவுக்குப் பட்டப்பெயர் போல ஆயிற்று. அக்காவின் கணவர், எங்கள் மாமா, தொழிற்பேட்டையில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தால் அதற்கும் அதுதான் காரணம்.

ஆறு வருடம் அக்காவுக்குக் குழந்தை இல்லை. துப்பிய பழம்தான் வயிற்றை அடைத்திருக்கிறது என்று மாமியார் தானாகவே முடிவு கட்டி, தானாகவே ஒரு பரிகாரமும் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் விளக்கேற்றியதும், அதே கிண்ணத்தில் பாலும் பழமும் போட்டு, அவர் கண் முன்னால் அக்கா தின்று முடிக்க வேண்டும். குழந்தை தங்கும்வரை, வெள்ளிக்கிழமை தவறாமல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தின்பாளாம். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் நாக்கைத் துணியால் தேய்ப்பாளாம். மாமாவுக்கு எல்லாம் தெரியும். அம்மா மனசுக்காகச் சாப்பிட்டுத் தொலையேன், ஒரு பழம்தானே என்பாராம். எங்கள் வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்படிச் சொல்வாள்? சொன்னால் நம்பியிருப்போமா என்ன?

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ஏழு வருடங்களுக்கு முன்புதான், அதுவும் என் வாய் அரித்த பிறகு. ஈப்போவில் வேலை, குனோங் ராபாட்டில் வீடு என்று நான் வந்து பல காலம் ஆகிவிட்டது. சுண்ணாம்புக் குன்றுக்குக் கீழே வரிசை வீடுகள், பின்னால் லாலாங் புல் மண்டிய வெற்று நிலம். காலையில் தும்மாமல் நான் காரை எடுத்ததில்லை. தூசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அலுவலகத்தில் யாரோ வாங்கி வந்த தர்பூசணியைத் தின்றேன். நாக்கு அரித்தது. காதுக்குள்ளே, விரல் எட்டாத ஆழத்தில் அரித்தது. என் நாக்கு தானாகவே மேலண்ணத்தில் தேய்ந்து கர் கர் என்று ஒரு சத்தம் போட்டது. பக்கத்து மேசைப் பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். முப்பத்தெட்டு வயதில், என் வாயிலிருந்து என் அக்காவின் சத்தம்.

போய்ப் பார்த்த மருத்துவர் யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண்மணி. நான் சொல்வதை ஐந்து நிமிடம் கேட்டார். பொரித்த பழம் ஒன்றும் செய்யாதே, வேகாத பழம்தானே அரிக்கிறது என்று அவரே கேட்டார். எங்கள் வீடே பொய் என்று சொன்ன ஒன்றை, நான் அதைச் சொல்லும் முன் அவர் அடையாளமாகச் சொன்னார். முன்கையில் ஒவ்வொரு தூளின் சாற்றையும் சொட்டு சொட்டாக வைத்துக் குத்திப் பார்த்ததில் புல்லின் பூந்தூளுக்கும் செம்பனையின் பூந்தூளுக்கும் தோல் தடித்தது. பூந்தூளில் இருக்கும் ஒரு புரதமும் சில பழங்களில் இருக்கும் புரதமும் ஏறக்குறைய ஒரே சாயலாம். தூளோடு பகை பிடித்த உடம்பு, பழத்தைப் பார்த்ததும் அதே ஆள் வந்துவிட்டான் என்று ஏமாந்து சண்டைக்குப் போகிறதாம். சூடு பட்டால் அந்தப் புரதம் உருக்குலைந்துவிடும், உடம்புக்கு ஆள் அடையாளம் தெரியாது. பெரும்பாலும் வாயோடு போய்விடும், ஆனால் தொண்டை இறுகினாலோ மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் ஓடி வர வேண்டும், தெரிந்தே தின்று பார்க்கக் கூடாது என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அக்காவுக்கு இருக்கிறது என்றேன்.

காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கத்தினேன். எனக்கு ஐந்து நிமிடம், அவளுக்கு இருபத்து மூன்று வருடத்துக்கும் மேல். பிறகு அவளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன், தூள், புரதம், சூடு, சிராப்பு, ஜன்னல் என்று நான் சொன்ன பொய் உட்பட. "அப்ப நான் பொய் சொல்லலைதானே?" என்றாள். இல்லைக்கா என்றேன். அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னாள், பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதுபோல. நான் மன்னிப்புக் கேட்டேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். இன்றுவரை மன்னித்தேன் என்று அவள் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆறு வருடம் காத்து அக்கா பெற்ற மகளுக்குப் போன மாதம் ஈப்போவில் கல்யாணம். அந்தப் பெண்ணுக்கும் வாய் அரிக்கும். அக்காவின் மாமியாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முதுகு வளைந்திருக்கிறது, அதிகாரம் வளையவில்லை. பேத்திக்குப் பழம் தன் கையால்தான், தன் கிண்ணத்தில்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். நான் வாரக்கணக்கில் தயாராகிக்கொண்டிருந்தேன். கிண்ணம் வந்ததும் எழுந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி முப்பது வருடத்தையும் கொட்டிவிட வேண்டும். பதினைந்து வயதில் திறக்காத வாயை நாற்பத்தைந்தில் திறக்க வேண்டும். தாலி ஏறியது. நெளிசல் விழுந்த அந்தக் கிண்ணத்தோடு கிழவி மேடைக்கு வந்தார். நான் எழுந்துவிட்டேன்.

அதற்குள் அக்கா மேடையில் குறுக்கே வந்தாள். கிண்ணத்தை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, அதிலிருந்ததைப் பக்கத்துப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, தான் கொண்டுவந்திருந்த தூக்குச்சட்டியைத் திறந்து ஊற்றினாள். ஆவி பறந்தது. குழைந்த பழத்துண்டுகள் பாலில் மிதந்தன. என்ன இது என்று கிழவி கேட்டார். "பழத்தைப் பால்ல போட்டு நல்லா வேகவெச்சிருக்கேன் அத்தே. இத குடுங்க" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. கிழவி மருமகளின் முகத்தைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், பிறகு ஊதி ஊதிக் கொடுத்தார். பெண் சிரித்துக்கொண்டே விழுங்கினாள். நாதஸ்வரக்காரர் நிறுத்தவில்லை. பந்திக்கு இடம் பிடிக்கப் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். என்ன மாறியது என்று ஒருவருக்கும் தெரியாது.

மேடை காலியானதும் அக்கா கிண்ணத்தில் மிஞ்சியிருந்ததை என்னிடம் நீட்டினாள். நின்றபடியே தின்றேன். வாய் அரிக்கவில்லை. எவ்வளவு நேரம் வேகவைத்தாய் என்று கேட்டேன். பத்து நிமிஷம் இருக்கும் என்றாள். விளிம்பின் நெளிசலை விரலால் தடவிக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டிலும் அடுப்பு இருந்தது. கமுந்திங்கிலும் இருந்தது. அவள் வெந்த பழம் தின்பதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அத்தனை வெள்ளிக்கிழமைகளில் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவளுக்காக அந்தப் பத்து நிமிடம் யாரும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.