ஜவ்வு மிட்டாய் செய்த சம்பந்தம்

சீனாவின் கைஃபங் நகரத்துப் பஞ்சாலையில் தறி ஓட்டி ஓய்வு பெற்றவள் மியாவ்லான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி ஏறிய குரல், ஆலையை விட்டு வந்த பின்னும் இறங்கவில்லை. காலையில் அவள் காதில் விழுந்த சேதி மதியத்துக்குள் சந்தைக்குப் போய்விடும். மனசு தங்கம்தான். ஆனால் மகன் ஹைதாவோவைக் கல்யாணத்துக்காகப் பார்க்க வந்த ஒரு பெண்ணிடம், அவன் பள்ளிக்கூடம் போகிற வயசிலும் படுக்கையை நனைத்த கதையைச் சொன்னாள். இன்னொருத்தியிடம், "ஒன் மூக்கு அப்படியே எங்க மாமனார் மூக்கு!" என்றாள், பாராட்டாகத்தான். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

அடுத்து வென்சிங் என்ற பெண் வருவதாகச் சொன்ன நாள், அடுப்புச் சாமியை வழியனுப்பும் நாளாக அமைந்துவிட்டது. வருஷம் முழுக்க அடுப்புக்கு மேலே படமாக உட்கார்ந்து வீட்டு நடப்பைப் பார்த்திருந்த சாமி, அன்றைக்குத்தான் மேலுலகம் போய் எல்லாவற்றையும் ஒப்பிப்பார். கோள் மூட்டாமலிருக்க, அவர் வாயை ஜவ்வு மிட்டாயால் ஒட்டி அனுப்புவார்கள்.

கணவர் தேஷூ மிட்டாய்த் தட்டை வைத்துக் கும்பிட்டார். "சாமிக்கு முன்னாடி ஒனக்குத்தான்டி இத ஊட்டணும்."

"நான் இன்னைக்கு வாயத் தொறந்தா என்னன்னு கேளுங்க!" என்று சபதம் போட்ட மியாவ்லான், கை சும்மா இருக்காமல் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். மேல் பல்செட்டும் கீழ்ப் பல்செட்டும் கெட்டியாக ஒட்டிக்கொண்டன. அந்த நேரம் பார்த்து வென்சிங் கதவைத் தட்டினாள்.

'வாம்மா' என்றுகூடச் சொல்ல முடியவில்லை. உதட்டை மூடியபடி சிரித்தாள். எள் ரொட்டிகளை எடுத்துப் பெண்ணின் தட்டில் அடுக்கினாள். எதைக் கேட்டாலும் தலையாட்டினாள். இவளுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வென்சிங் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். நாள் முழுக்கப் பேசினாலும் ஊர்ப் பேரைத் தவிர வேறு பேச்சில்லை. இங்கே தலையாட்டிக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் மடை திறந்துவிட்டது. அம்மா போன பிறகு தன் வீட்டில் யாரும் இந்த மிட்டாய் வாங்குவதில்லை என்றாள். மியாவ்லானுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள், கிளம்பும்வரை விடவில்லை.

"இப்படிப் பொறுமையாக் கேக்கறவங்கள நான் பாத்ததே இல்ல," என்று வாசலில் வென்சிங் சொன்னாள். ஹைதாவோ அவசரமாக ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

சுடுதண்ணீர் குடித்துக் குடித்துப் பல்செட்டு விட்டது. மனசுதான் உறுத்தியது. புத்தாண்டு முடிந்து வரும் விளக்குப் பண்டிகைக்கு இனிப்பு உருண்டை சாப்பிட வென்சிங் மறுபடி வந்தபோது, மியாவ்லான் உடைத்துவிட்டாள்.

"இந்தா பாரு பொண்ணே, நான் பொறுமைசாலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்குப் பல்செட்டு ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான்!"

உருண்டை புரையேற, வென்சிங் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "வாய்தானே ஒட்டிச்சு அத்தை? என் கையப் பிடிச்சதும் மிட்டாயா?"

மியாவ்லானுக்கு ஒரு கணம் பேச்சே வரவில்லை. ஒரே ஒரு கணம்தான்.

வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. இப்போது சாப்பாட்டு மேசையில் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். யார் கேட்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. தேஷூ தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுகிறார்.