பாஸ்போர்ட்டில் நான் பெண்ணாக இருந்தது

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். ல, ள, ழ எங்கே மாறி விழுந்திருந்தாலும் படிப்பவர்கள் சரிசெய்துகொள்ளவும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

அப்பா பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். நான் அம்மா வயிற்றில் இருக்கும்போதே கப்பல் ஏறியவர். எங்களை அங்கே அழைத்துக்கொள்ள அவருக்கு வழி பிறக்கும்வரை என் தலையில் கத்தி படாது என்று அம்மா திருவொற்றியூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். வழி பிறக்க ஐந்து வருடம் ஆயிற்று. ராயபுரத்தில் அவ்வளவு நீளமான முடி வேறு எந்தப் பையனுக்கும் கிடையாது.

முடி இறக்குவதற்கு முன்னால் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டி ஒரு போட்டோ எடுப்பது வழக்கம். எனக்கும் எடுத்தார்கள். பாவாடையைப் பார்த்ததுமே நான் அழத் தொடங்கிவிட்டேன். ஸ்டுடியோக்காரர் கிளி பொம்மை காட்டியும் பயனில்லை. கீழுதடு இடப்பக்கம் கோணியபடியே படம் விழுந்தது.

அந்தக் காலத்தில் பிள்ளைகளைத் தாயின் பாஸ்போர்ட்டிலேயே சேர்த்துவிடுவார்கள். என்னுடைய ஒரே படம் அதுதான் என்பதால் அதையே முகத்தளவுக்கு வெட்டிக் கொடுத்தோம். மனு எழுதிக்கொடுத்தவர் நெற்றிச்சுட்டியும் பூவுமாக இருந்த படத்தைப் பார்த்தார். பாக்கியம் என்ற என் பெயரைக் கேட்டார். மகள் என்று இங்கிலீஷில் எழுதிவிட்டார். அதைப் படிக்க எங்கள் வீட்டில் யாருமில்லை. பாஸ்போர்ட் வந்தது. வேண்டுதல் பலித்துவிட்டதென்று, கப்பல் ஏறும் நாள் காலையில் அம்மா எனக்கு மொட்டை போட்டாள்.

துறைமுகத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சந்தனம் பூசிய என் தலையைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"இதுல இருக்கிறது பொண்ணு. நிக்கிறது பையன். யாரு பிள்ளைம்மா இது?"

வழியனுப்ப வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, முன்னால் வந்தார்.

"இவந்தான் சார் அது. முடி எறக்கறதுக்கு மின்னால ஒரு ஆசைக்கு சடை பின்னி போட்டா புட்சோம்."

"இந்தியாவுல பொறந்த பிள்ளைதான்னு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"வூட்லயே பொறந்தான் சார். நான்தான் ரிக்‌ஷால நர்சம்மாவ இட்டாந்தேன்."

அதிகாரி என் பக்கம் குனிந்தார். "தம்பி, நீ எந்த நாடு?"

"ராயபுரம்."

"ராயபுரம் எந்த நாட்டுல இருக்கு?"

"மீன் மார்க்கெட்டாண்ட."

அவர் நிமிர்ந்துகொண்டார். "நீங்க போகலாம்மா. பிள்ளைய அனுப்ப முடியாது."

வெளியே கப்பல் ஊதியது. அம்மா அப்படியே எங்கள் தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். என்னை விட்டு ஏற அவளால் முடியாது. ஏறாவிட்டால் அப்பாவைப் பார்க்க இன்னும் எத்தனை வருடமோ.

"கொஞ்சம் இரு சார். படத்துல கீற மாதிரியே காட்டறேன்" என்றார் மாமா.

எங்களுக்குப் பின்னால் வண்ணாரப்பேட்டை பாய் வீட்டு அம்மா ஒருவர் தன் மகளோடு நின்றிருந்தார். "எம் பொண்ணு பாவாடை கீது, கட்டிவுடு" என்று பையைத் திறந்தார். மாமா வெளியே ஓடி மல்லிகைப்பூ வாங்கிவந்தார். பூ வைக்கத்தான் முடி இல்லை. தன் கைக்குட்டையை என் மொட்டைத்தலையில் கட்டி அதில் செருகினார். வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"இன்னா நைனா, மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீற? கப்பல் ஏர்ற வரைக்கும் பொம்பளையா இரு. அப்பால ஆம்பளையாயிக்கலாம்."

அதைக் கேட்டதும் நான் ஓவென்று அழுதேன். உதடு கோணிக்கொண்டது.

"பாத்தியா சார், அதே மூஞ்சி" என்றார் மாமா.

அதிகாரி பாஸ்போர்ட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் விளிம்புக்கு மேலாக வெகுநேரம் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

"முதல்ல அந்தப் பாவாடைய அவுத்து விடுங்க" என்று மட்டும் சொன்னார்.

கப்பலில் ஏறும்போது எனக்கு ஒரே பெருமை. என் வேஷத்தில் அரசாங்க அதிகாரியே ஏமாந்துவிட்டார். பினாங்கில் இறங்கி, முதல்முறையாகப் பார்த்த அப்பாவிடமும் அதைத்தான் முதலில் சொன்னேன். சில வருடத்தில் எல்லோரும் ராயபுரத்துக்கே திரும்பிவந்த பிறகும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பேத்திக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனோம். கைக்குழந்தை. அழாமல் நேராகப் பார்க்க வேண்டுமாம். அது காமிராவைக் கண்டதும் அழுதது. கீழுதடு இடப்பக்கம் போயிற்று.

"அப்டியே உங்கம்மா அழற மாதிரியே கீது" என்றாள் என் மனைவி, என்னிடம்.

அன்றைக்கு அந்த அதிகாரியின் கண் என் தலைக்கு மேலே போயிருந்தது. எனக்குப் பின்னால், தகரப் பெட்டியின்மேல், அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள்.

ராயபுரம்,
ஆனி மாதம், இரண்டாம் ஞாயிறு.