நோலீன் எழுதிய வரியும் அதன் கீழே என் பெயரும்

நோலீன் இருபத்தேழு வருடம் எங்கள் நாட்டின் தென்கோடித் தீவில், செயின்ட் ஹெலன்ஸில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ஓய்வு பெற்றபின் கடல் மீட்புக் குழுவின் வானொலி அறையில் என்னோடு சேர்ந்துகொண்டாள். எங்கள் முகத்துவாரத்தில் மணல்திட்டு உண்டு. நீர் ஏறி நிற்கிற நேரம் பார்த்துத்தான் படகு அதைத் தாண்ட வேண்டும். நேரம் தப்பினால் மணலில் மோதும்.

அந்த நேரத்தைச் சொல்லும் இலவச மென்பொருள் ஒன்றை எல்லோரும் கைப்பேசியில் வைத்திருந்தோம். யார் வேண்டுமானாலும் அதன் உள்ளே திறந்து பார்க்கலாம், தவறிருந்தால் திருத்தி அனுப்பலாம். அதில் ஒரு தொல்லை. கோடையில் நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்போம், அதுவோ தள்ளாது. நாமே மனக்கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். போன கோடையில் நோலீனின் கணவன் மெர்வ் கூட்ட மறந்து, சிங்கி இறால் கூடுகளோடு திட்டில் ஏறிவிட்டான். மறுநாளே அவள் நூலகத்திலிருந்து கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் புத்தகம் எடுத்துவந்தாள். அப்படியொரு பிடிவாதக்காரி.

எட்டு மாதம் கழித்து, எங்கள் துறையின் ஆழத்தை மட்டும் திருத்தி அனுப்பினாள். அந்த மென்பொருளைத் தனியாளாகக் கவனித்துவந்த நார்வேக்காரர் ஓத்வார் நன்றி சொன்னார். கூடவே மொத்தத்தையும் அவள் கையில் கொடுத்துவிட்டார். இனி எதைச் சேர்ப்பது, எதை வெளியிடுவது எல்லாம் அவள் பாடு, தனக்கு நேரமில்லையாம். கடிதம் ஆள் மாறி வந்துவிட்டது என்று நோலீன் பதில் எழுதினாள். மாறவில்லை என்று மறுகடிதம் வந்தது.

"என்னை அவருக்குத் தெரியவே தெரியாது. எந்தத் தைரியத்துல குடுக்கறாரு?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கென்ன தெரியும்? வேறு யாரும் அகப்பட்டிருக்க மாட்டார்கள் என்றேன்.

தென்கோளத்தில் எங்களுக்குக் கோடை ஆண்டுக் கடைசியில்தான், அதனால் அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரம் மாறும். மெர்வ் இன்னொரு முறை திட்டில் ஏறினால் படகு தாங்காது. அதற்குள் அந்த ஒரு மணியைச் சேர்த்துவிட நோலீன் ஒரு வரி எழுதினாள். ஆனால் எழுதியவரே அதை வெளியிடுவது வழக்கமில்லை. இன்னொருவர் படித்து, "பார்த்தேன், சரி" என்று கீழே பெயர் போட வேண்டும். ஓத்வாரிடமிருந்து பதிலே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை என்னிடம் நீட்டினாள். திரை முழுக்க அடைப்புக்குறியும் எண்ணுமாக இருந்தது. கேட்டால் அசடு என்று தெரிந்துவிடுமே என்று எனக்கு வெட்கம். பெயர் போட்டேன்.

ஞாயிறு காலை மெர்வ் அலுங்காமல் திட்டைத் தாண்டினான். எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

திங்கள் மதியம் நோலீனின் தம்பி க்ளாரி, அதே கிழக்குக் கரையில் வடக்கே இருக்கிற குவீன்ஸ்லாந்திலிருந்து கூப்பிட்டான். எனக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள். அவனும் மீன்பிடிக்கிறவன், அதே மென்பொருள்தான். அங்கே கோடையிலும் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. வெயில் ஒரு மணி கூடினால் திரைச்சீலை வெளுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் என அவனை வருடா வருடம் சீண்டுகிறவளே நோலீன்தான். எழுதும்போது மறந்துபோனாள். அவள் வரி கிழக்குக் கரை முழுவதற்கும் ஒரு மணியைக் கூட்டிவிட்டிருந்தது.

"ஓடைச் சேத்துல கிடக்கேன், நோல். தண்ணி வடிஞ்சு படகு சாஞ்சதுல, எங்கிட்ட வேலை பாக்குற டெஸ்ஸாவுக்குக் கை ஒடஞ்சுபோச்சு. இப்பத்தான் வேற படகுல ஏத்தி அனுப்பினேன். எந்த முட்டாள் இதுல கை வெச்சான்?"

"எழுதினது நான்தான்" என்றாள் நோலீன்.

க்ளாரி விடவில்லை. "இன்னொருத்தர் பாக்கணும்னு சொல்லுவியே. பாத்தது யாரு?"

அவள் என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

"நான்தான், க்ளாரி. புரிஞ்சு போட்ட பேரு இல்ல அது" என்றேன்.

அவன் போனை வைத்துவிட்டான்.

நோலீன் அந்த வரியை நீக்கினாள். அச்சடித்த அட்டவணையை மட்டும் நம்புங்கள் என்று எல்லோருக்கும் அறிவிப்பு போட்டாள். பிறகு வேறு மாதிரி எழுதி முடித்து, நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள்.

"உக்காரு. ஒவ்வொரு வார்த்தையா படி. புரியலேன்னா புரியலேன்னு சொல்லு."

முதல் வரியிலேயே சொன்னேன்.